நான் அழிக்காத கோப்பு

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவள் செய்யாத பிழையை அவள் செய்ததாகப் பதினொரு வாரங்கள் காட்டினேன். முதல் வாரம் தவிர, தெரிந்தே காட்டினேன்!

ஏன் என்று கேட்பீர்கள். புதன்கிழமைதோறும் அவள் ஃபெரி ஏறி என் மேசைக்கு வரவேண்டும் என்பதற்காக... அதற்காக மட்டும்.

தொண்ணூறுகளின் முற்பகுதி. பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்கு அருகே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். கடலுக்கு அக்கரையிலிருந்த பிறைத் தொழிற்பேட்டைக் கிடங்குகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுப்போம். எனக்கு வயது முப்பத்து நான்கு; தனிக்கட்டை. எந்தக் கடை எந்தத் தேதியில் மூடியது, எந்தத் தெரு எந்த மழையில் மூழ்கியது என்றெல்லாம் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. யாரும் கேட்காத வரலாறு.

சுமதி எங்கள் பிறைக் கிளையில் புதிதாகச் சேர்ந்தவள். பிறைக்குப் பக்கத்துப் பட்டர்வொர்த்துக்காரி. பெட்டி, சரக்கு, அடுக்கு என்று நிரலுக்கு வேண்டிய தரவு வகைகளை வரையறுப்பது அவள் வேலை. அந்த வகைகளை எடுத்தாளும் நிரல் என்னுடையது.

தொகுத்து முடித்த நிரலுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். பிற கோப்புகளிலிருந்து இரவல் வாங்கிய வகைகளின் பட்டியல். பெட்டி என்றால் என்ன என்று அங்கே எழுதியிருக்காது. அதன் பெயர், அது இருக்கும் கோப்பின் பெயர், அந்தக் கோப்பின் பதிப்பு எண்... அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு உரிய கோப்பைத் தேடிப் பொருத்த நான் ஒரு கருவி எழுதியிருந்தேன். எண் ஒத்துப்போகாவிட்டால் ‘பொருந்தவில்லை’ என்று அச்சிடும். பக்கத்திலேயே அந்தக் கோப்பை எழுதியவரின் பெயரையும் அச்சிடும். அந்தத் தாள் வாரந்தோறும் பிறை மேலாளருக்குப் போகும்.

கண்ணில் படாத ஒன்றைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது... அந்தக் கலையில் நான் தேர்ந்தவன்!

முதல் புதன்கிழமை, ஏன் பொருந்தவில்லை என்று எனக்கும் உண்மையிலேயே தெரியாது. டிஸ்கெட்டோடு சுமதி வந்தாள். தலைமுடியெல்லாம் கடற்காற்று. இருவரும் அச்சுத்தாளை வரி வரியாகப் பார்த்தோம். விடை கிடைக்கவில்லை.

“என்னாண்ணே இது? என் பெட்டிய உங்க கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது. பினாங்குத் திமிரா?”

“பட்டர்வொர்த் பெட்டின்னா அது கொஞ்சம் யோசிக்கும் லா.”

“ஓ! அப்ப அதுக்கு ஒரு செண்டோல் வாங்கிக் குடுங்க. எனக்கும் சேத்து.”

வாங்கிக் கொடுத்தேன். தேங்காய்ப்பாலும் ஐஸும் கலந்த அந்தச் செண்டோலை நின்றபடியே குடித்தோம். ஐந்து மணி ஃபெரிக்கு ஓடினாள்.

அவள் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. என் கருவி முதலில் தேடும் டைரக்டரியில் அவளுடைய பழைய கோப்பு ஒன்று கிடந்தது. சோதனைக்காக நானே போட்டு, நானே மறந்தது. பழையதைக் கண்டதும் கருவி அங்கேயே நின்றுவிடும். புதியது அடுத்த டைரக்டரியில் சும்மா கிடக்கும்.

அழிக்க ஒரு வரிக் கட்டளை போதும். விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. அழித்துவிட்டால் அவள் இனி இங்கே வர வேண்டியதில்லையே...

அழிக்கவில்லை.

அதன்பின் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். அவள் வந்து உட்கார்ந்ததும் பழைய கோப்பை ஓசையில்லாமல் வேறிடத்துக்கு நகர்த்துவேன். எல்லாம் பொருந்தும். அவள் கைதட்டுவாள். அவள் போனதும் திரும்ப அங்கேயே வைப்பேன். அடுத்த வாரம் அவளிடமிருந்து புதிய பதிப்பு வரும், பொருந்தாது, தாள் அச்சாகும். அவளுக்காக நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு வைப்பேன்.

நாட்குறிப்பில் அந்த வாரங்கள் எல்லாம் இருக்கின்றன. ‘சு. வந்தாள். தூறல். பாலிக் புலாவ் டுரியான் பழத்தைப் பற்றி நெடுநேரம் பேச்சு.’ கோப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தேதி தவறாதவன், அதை மட்டும் எழுதாமல் விட்டேன்!

ஏழாவது புதன்கிழமை அவளாகவே சொன்னாள். “இந்த வேல கன்ஃபர்ம் ஆவணும்ணே. ஆச்சுன்னா ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்னு அப்பா சொல்லிட்டாரு. இல்லன்னா தைப்பிங் மாப்பிள்ளதான். ஆளு நல்லவரு லா, ஆனா பொண்டாட்டி வேலைக்குப் போகக் கூடாதாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதைக் கேட்ட பின்னும் நான்கு வாரங்கள்... நான்கு! அடுத்த வாரம் அழித்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். அதற்குள் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். வாய்க்கு வாய் ‘அண்ணே’ என்பவளிடம் எதைச் சொல்வது?

பதினொரு தாள்களையும் பிறை மேலாளர் அவள் முன்னால் பரப்பி வைத்தாராம். வேலை உறுதியாகவில்லை. வேலை அட்டையை ஒப்படைக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தவள், நேரே என்னிடம் வந்தாள்.

“உங்க நேரத்தெல்லாம் வீணடிச்சிட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணே.”

ஜன்னலோர நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க தப்பு பண்றேன்னு எனக்கே புரியல. இனி ஒரு எடத்துல சான்ஸ் கெடச்சா அதச் செய்யாம இருப்பேன்ல?”

தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மேலாளரிடம் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், அவளுடையது திரும்பும். அதைவிட, அவள் கண்ணில் நான் யாராகிவிடுவேன்?

ஒரு தாளை எடுத்தேன். ஒவ்வொரு வகைக்குள்ளும் எண், எடை, பெயர் போன்ற உறுப்புகளை அவள் வைத்த வரிசைதான் தவறு என்றேன். பெரியவை முதலில் வரவேண்டும், சிறியவை பின்னால் வரவேண்டும் என்று கட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு விளக்கினேன். பொய். முழுப் பொய்! அவள் வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

கூர்ந்து கேட்டாள். கைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அடிக்கோடிட்டாள். “இப்பதான் புரியுது. தேங்க்ஸ்ணே” என்றாள். முகம் தெளிந்துவிட்டது... அந்தத் தெளிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பின்னாளில், கல்யாணமாகித் தைப்பிங்கில் இருக்கிறாள் என்றார் ஒருவர். கணவன் சம்மதித்து ஈப்போவில் வேலை பார்க்கிறாள் என்றார் மற்றொருவர். இரண்டு ஊரிலும் நான் பேருந்தை விட்டு இறங்கியதுண்டு. யாரையும் விசாரிக்காமல் திரும்பியதுமுண்டு. பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு மட்டும் குறையவே இல்லை.

அவள் எங்கேயோ இன்னும் நிரல் எழுதுகிறாள் என்றால்... பெரியதை முதலில் வைப்பாள், சிறியதைப் பின்னால் வைப்பாள், அதே பிழையை மறுபடி செய்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து எழுதுவாள்.