ஏர்போர்ட்டில் வாங்கிய கேடயம்

எட்டு வருஷம் பப்புவா நியூ கினியில் ஒரு மரமில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய என் வீட்டுக்காரர், போர்வையில் சுற்றி ஒரு கேடயத்தைக் கொண்டுவந்தார். சண்டைக்குப் பிடிக்கிற கேடயம். என் நெஞ்சு உயரம். மரத்தில் சுழி சுழியாகச் செதுக்கி, சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் பூசி, நடுவில் இரண்டு உருண்டைக் கண்கள்.

"ஏர்போர்ட்ல வாங்கினேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாபநாசம் கடைத்தெருவில் ஒரு ஹேர்பின் வாங்கத் தெரியாத மனுஷர் ஏர்போர்ட்டில் கேடயம் வாங்கினாராம்! திருப்பிப் பார்த்தேன். கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. விறகுப் புகை வாடை வேறு. யாரோ வீட்டில் பல காலம் இருந்த சாமான். யார் வீடு? அங்கே இவருக்கு என்ன வேலை? கொடுத்தது ஒருத்திதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கேட்டால் மழுப்புவார் என்று கேட்கவில்லை. கூடத்துச் சுவரிலிருந்து அது என்னை முறைத்தது, நானும் முறைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் கழுவும்போது, இதுவும் ஆயுதம்தானே என்று குழாயடிக்கு எடுத்துப்போய்த் தேங்காய் நாரால் தேய்த்தேன். வெள்ளை கரைந்தது. பின்னாலேயே சிவப்பும்.

"பழைய மரத்துல புதுப் பெயிண்ட்! யாருங்க பூசிக் கொடுத்தா? இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

ஓடிவந்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பெயிண்ட் இல்லடி. சுண்ணாம்பும் செம்மண்ணும். என்கூட மில்லுல வேலை பார்த்தவரோட அப்பா கேடயம் இது. சண்டைக்குக் கிளம்பறப்ப புதுசா பூசிப்பாங்களாம். நான் ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு அவர் பூசிக் கொடுத்தார்."

"ஊருக்கு வர்றவருக்கு எதுக்குச் சண்டைக் கேடயம்?"

கேடயத்தின் கரைந்த கண்களைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உன்னைப் பத்தி நிறைய சொல்லியிருக்கேன். வீட்டுக்குப் போனா வேண்டியிருக்கும்னு எல்லாரும் சிரிச்சாங்க. அதை எப்படி உன்கிட்ட சொல்றது? அதான் ஏர்போர்ட்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மில் முழுக்க என் குணம் தெரிந்திருக்கிறது. எனக்கு அவர்களில் ஒருத்தர் பேர்கூடத் தெரியாது. எட்டு வருஷமும் போனில் நான் கேட்டது, பின்னால் கேட்கிற குரல் யாருடையது என்பதைத்தான். அவரும் ஒவ்வொரு தடவையும் பேர் சொன்னார். நம்பாததால் ஒன்றுகூட என் மனசில் தங்கவில்லை.