அரிவாளால் பங்கு போட்ட புத்தகம்

வசம்பு வாடை எங்கே வந்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்க் குழந்தையின் கையில் கட்டிய வசம்பு வளையலை முகர்ந்தால் மற்றவர்களுக்கெல்லாம் பால் மணம் நினைவுக்கு வரும், எனக்கோ பெரியப்பாவின் முகம் வரும். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், பூச்சி அரிக்காமலிருக்க வசம்புத் துண்டுகளோடு போட்டு வைத்திருந்த பாதிப் புத்தகம்தான் அதற்குக் காரணம். பாதி என்றால் பாதியேதான். முன் அட்டை இருந்தது, பின் அட்டை கிடையாது.

சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் வெள்ளாமைக் காடு. தாத்தா சேலத்தில் ஒரு பாதிரியார் பள்ளியில் படித்தபோது பரிசாக வாங்கி வந்த புத்தகம் அது. ஏசுநாதர் மறைந்து சில பத்தாண்டுகள் கழிந்த காலத்து ரோமாபுரி ஆட்சியைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவல். தாத்தா அதை வாய்விட்டுப் படிக்க, அப்பாவும் பெரியப்பாவும் சிறுவயதில் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார்கள். தாத்தா இறந்த பிறகு நடந்த பாகப்பிரிவினையில் அண்டா, உரல், வண்டிமாடு எல்லாம் பிரித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பங்கு பிரிப்பதென்றால் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். கடைசியில் மிஞ்சியது புத்தகம். அப்பா அதைக் கையில் எடுத்ததும் பெரியப்பா, "பாதி பாதின்னு பேசுனமல்ல, இதுலயும் பாதி எனக்குண்டு" என்று சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலேயே அதை நடுவில் விரித்து, தேங்காய் உரிக்கும் இடத்திலிருந்த அரிவாளை எடுத்து முதுகோடு ஒரே வெட்டாக வெட்டினார். யாரும் தடுக்கவில்லை, நியாயமான பங்குதானே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முன்பாதி எங்களுக்கு வந்தது. கிணறு பெரியப்பா பக்கம் போனது. ஒரு நாள் அவருக்கு, மறுநாள் எங்களுக்கு என்று தண்ணீர் "முறை" பேசி முடித்திருந்தார்கள். மின்சார இணைப்பு அவர் பெயரில் இருந்தது. அந்த ஒன்று போதுமாயிருந்தது அவருக்கு. சின்ன வெங்காயம் காய் பிடிக்கும் நேரம் பார்த்து "மோட்டார் கொட்டாய்க்கு" ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டார். முறை பேசிய பெரியவர்கள், அண்ணன் தம்பி சங்கதி என்று நழுவிக்கொண்டார்கள். கிணற்றில் தண்ணீர் தளும்பி நிற்க, இருபதடி தள்ளி எங்கள் வெங்காயத் தாள் கருகியதை அம்மா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போகம் போனதும், அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் "ரிக் வண்டி"யில் ஆளாகச் சேர்ந்து வடக்கே போய்விட்டார். ஊருக்கு வருவது பொங்கலுக்கு ஒரு தடவை, மாரியம்மன் நோன்புக்கு ஒரு தடவை என்றானது.

அப்பா இல்லாத அந்த வெயில் காலத்தில்தான் நான் பாதிப் புத்தகத்தைப் படித்தேன். யோவேல் என்பவன் திராட்சைத் தோட்டக்காரன். காஸ்பன் அவனோடு ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்தவன். சிலுவையில் மாண்டவரைக் கும்பிடுகிற கூட்டத்தை யோவேல் தன் தோட்டத்துக் குகையில் ஒளித்து வைத்திருப்பதாகக் காஸ்பன் ஆளுநரிடம் போட்டுக் கொடுத்துவிட, யோவேலின் நெற்றியில் சூடு போட்டுச் செப்புச் சுரங்கத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். தோட்டம் காஸ்பனுக்கு. கையெழுத்துப் போடத் தெரிந்த எவருக்கும் இது யார் கதை என்று விளங்கும், எனக்கும் விளங்கியது. அப்பாவும் எங்கோ முகம் தெரியாத மண்ணில் பூமியைக் குடைந்து, துளை போடும்போது பறக்கும் கல்மாவில் வெளுத்துக் கிடந்தார். சுரங்கத்தில் யோவேலோடு கிடந்த கிறிஸ்தவக் கிழவர் ஒருவர், சாட்டையால் அடிக்கும் காவலாளிக்காகவும் மண்டியிட்டு வேண்டிக்கொள்வார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் வருகிற பக்கங்களைத் தாண்டிப் படிப்பேன்.

எங்கள் பாதி முடிகிற இடம் இது: சுரங்கத்திலிருந்து தப்பிய யோவேல் தன் பழைய தோட்டத்துக்கு வந்து சேர்கிறான். உச்சி வெயிலில் திராட்சைப் பந்தலடியில் காஸ்பன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான். "யோவேல் சம்மட்டியை ஓங்கினான். அப்போது" என்ற சொல்லோடு தாள் தீர்ந்துவிடும். அந்த "அப்போது"வுக்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ விதமாக நடத்திப் பார்த்தேன். சம்மட்டியை முதலில் காலில் போட்டேன், அவன் விழித்துக்கொண்டு யார் அடிப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா. நெற்றியில் சூடு போட்டேன். கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். ரோமாபுரித் தோட்டத்தில் கிணறு இருந்ததா என்பதைப் பற்றி எனக்கென்ன கவலை. அடி வாங்குகிற முகம் எல்லாத் தடவையும் பெரியப்பாவுடையதாகவே இருந்தது.

பின்பாதி எங்கே இருக்கிறது என்று தெரியும். பெரியப்பா மகள் பூங்கோதை என் வகுப்பிலேயே படித்தாள், ஒரே பஸ்ஸில்தான் வருவாள். ஆனால் "அந்த ஊட்டுக் காத்துகூட நம்ம மேல அடிக்கக் கூடாது சாமி" என்று அம்மா சொல்லியிருந்தார். அவள் வீட்டிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தால் நடுவில் பையை வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, வேப்பமரத்தடியில் தோழிகளைச் சுற்றி உட்கார வைத்து, சம்மட்டி காஸ்பன் மண்டையில் இறங்கிய அழகை நான் விவரித்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தள்ளித் தனியாகத் தூக்குப்போசியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பூங்கோதை, தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அவன் அடிக்கவேயில்ல."

அத்தனை காலத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த ஒரே பேச்சு அதுதான். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அடி வாங்க வேண்டியவர்கள் வேறென்ன சொல்வார்கள், அடிக்கவில்லை என்றுதானே சொல்வார்கள். பொய் சொல்கிறாள், அப்பனைப் போலவே பொய் சொல்கிறாள் என்று தோழிகளிடம் கத்தினேன். அவள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

யோவேல் அடித்தானோ இல்லையோ, என் அப்பா அடித்தார். நான் பத்தாவது படிக்கும்போது, தன் முதலாளியின் ரிக் வண்டியையே ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். எங்கள் காட்டில் எத்தனையோ நல்ல இடம் இருக்க, பெரியப்பாவின் கிணற்றுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில், வரப்பை ஒட்டி வண்டியை நிறுத்தினார். விடிய ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பீச்சியடித்தபோது நான் ஆடினேன், வெட்கமே இல்லாமல் ஆடினேன். எங்களுக்கு அப்போது அந்தத் தண்ணீரைப் பாய்ச்ச ஒரு செடி கிடையாது. அப்பா தன் பெயரிலேயே வாங்கியிருந்த இணைப்பில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டார். சும்மா போகிறதே, நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"ஓடட்டும் சாமி."

ஓடியது. அந்தக் கோடை முழுக்க ஓடியது. பெரியப்பாவின் கிணறு படி படியாக இறங்கி, சேறாகி, காய்ந்து வெடித்தது. அவருடைய தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. சாயங்காலமானால் நான் வேலை மெனக்கெட்டுப் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு நாள் பெரியப்பா வரப்பு வரை வந்து, ஏதோ கேட்க நினைத்தவரைப் போல நின்றார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, பெரியப்பா வந்த வழியே போனார். என் பிள்ளைப் பருவத்தில் அதைவிட நிறைவான நாள் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு பெரியப்பா எங்களைவிட ஆழமாக ஒரு குழி போட்டார். அப்பா அதைவிட ஆழமாகப் போட்டார். நான் கல்யாணமாகி நாமக்கல்லுக்கு வந்தபோது இரண்டு காட்டிலும் குழிகளுக்குக் குறைவில்லை, கல்மாவு வந்ததே தவிரத் தண்ணீர் வரவில்லை. அப்பா செத்துப்போனார். பங்காளித் தீட்டு விடாது என்பதால் பெரியப்பா எழவு எடுக்க வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனார். போன மாசியில் அவரும் போய்ச் சேர, நானும் அதேபோல் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். கண்ணீர் வரவில்லை.

சென்ற வாரம் பூங்கோதை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அப்பன் வீட்டை ஒழித்தபோது கிடைத்ததென்று பின்பாதியைக் கொண்டுவந்திருந்தாள். அரிவாள் பட்ட ஓரம் இன்னும் பிசிறாகவே இருந்தது. நாற்காலியைக்கூட இழுத்துப் போடாமல் முதல் பக்கத்தைப் பார்த்தேன். காஸ்பன் கண் விழிக்கிறான், அழுகிறான். யோவேல் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு அவனை எழுப்பி உட்கார வைக்கிறான். அவள் பொய் சொல்லியிருக்கவில்லை.

"அழுவறவனப் போயி இவன் எதுக்குச் சம்மட்டியோட வந்து நிக்கறான்னு சின்ன வயசுல யோவேல எனக்குப் புடிக்கவே புடிக்காது," என்றாள். "காஸ்பன் அப்படி என்னதான் பண்ணுனான்? மொதப் பாதி உங்கிட்டத்தான இருக்குது."

அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் முழுக்க அவள் தலை நிமிராமல் படித்தாள். சூடு போட்டது, தோட்டம் கைமாறியது, சுரங்கம், எதையும் தாண்டவில்லை. சம்மட்டி ஓங்கிய இடம் வந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் அடிச்சிருக்கோணும்," என்றாள்.

வெங்காயக் காட்டைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அந்தக் காடு இப்போது யாருடைய கோழிப்பண்ணையோ, கோழிக்கும் லாரியில்தான் தண்ணீர் வருகிறது. கிணறு குப்பையால் தூர்ந்துவிட்டது. மோட்டார் கொட்டாய் இருந்த சுவடே இல்லை, அந்தப் பூட்டு மட்டும் என் கண்ணில் இன்னும் தொங்குகிறது.

புறப்பட எழுந்தவள், தொண்டை காய்கிறது, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு என்றாள். அந்த வீட்டிலிருந்து ஒருவர் எங்களிடம் தண்ணீர் கேட்டார். இந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கடையிலிருந்து வாங்கி வைத்த கேனைச் சாய்த்துச் சொம்பு நிறையப் பிடித்துக் கொடுத்தேன்.