மாமனார் ஏறிப்போன பஸ்

டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறோம். என் மாமனாருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் வெளியே சொல்லவில்லை. பைத்தியம் என்று பேசுவார்களோ என்ற பயம். பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவும் வசதியில்லை. அதனால் நானும் கணவரும் வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவோம்.

ஒருநாள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், பூட்டு உடைந்து கிடக்கிறது. மாமனாரைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த செல்வராஜ் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பெரியப்பாவ மறந்து உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்களே. நோட்டன் பிரிட்ஜ்ல மக வீட்டுல விசேஷமாமே. நான்தான் பூட்டை ஒடச்சு ஹட்டன் பஸ்ல ஏத்தி விட்டேன்."

மாமனாருக்கு மகளே கிடையாது.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். இருட்டுவதற்குள் அதே பஸ் திரும்பி வந்தது. முன் சீட்டில் மாமனார், கையில் பாதி தின்ற பணிஸ்.

"எங்க இறங்கணும்னு கேட்டா, நீங்க சொல்ற எடத்துல இறங்குறேன்ங்கிறாரு. தனியா விட மனசு வரல" என்றார் கண்டக்டர்.

அன்றே லயம் முழுக்கச் சொல்லிவிட்டோம். இப்போது பூட்டுவதில்லை. யாருக்கு வேலை இல்லையோ அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மாமனார் விசேஷத்துக்குக் கிளம்பினால் செல்வராஜ் அண்ணன், "நானும் வர்றேன் பெரியப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்று உட்கார வைக்கிறார். குடித்து முடிப்பதற்குள் விசேஷம் மறந்துவிடுகிறது.