முதல் கேள்வி: புருஷன் பேரு

இன்று காலை டேப்லெட்டும் கையுமாக ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பெண்கள் உடல்நலம் பற்றி ஆய்வாம். முதல் கேள்வி, "கணவர் பேரு சொல்லுங்கம்மா."

சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில் செந்துறையில் எங்கள் தெருவுக்கும் இதே ஆய்வு வந்தது. பிரசவம், கருத்தடை, வெள்ளைப்படுதல் என்று பொம்பளைகளிடம் கேட்க வந்தவர் ஒரு சார்!

"புருஷன் பேரு?"

பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் ஊரில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள்.

"கொளஞ்சின்னு எழுதிக்குங்க சார்" என்றேன் நான்.

"நீங்க சொல்லக் கூடாது. அவரையே வரச் சொல்லுங்க."

வந்த மனுஷன் பெயரோடு நிறுத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அத்தனை கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்.

"அவளுக்கென்னங்க சார் கொறை? நல்லாத்தான் இருக்கா."

நாலு மாதமாக வெள்ளைப்படுதலோடும் இடுப்புவலியோடும் என்னிடம் அழுதுகொண்டிருந்தவள், இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். சார் குடித்துவிட்டு, 'தேவை எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பெரிய ஆராய்ச்சி!

இன்று வந்தவளிடம், "பேரு கெடக்கட்டும், உடம்பப் பத்திக் கேளும்மா" என்றேன்.

"அதை நிரப்பாம அடுத்த கேள்வி வராதும்மா."

நாற்பது வருஷத்தில் சார் போய் டேப்லெட் வந்திருக்கிறது. அதுவும் முதலில் புருஷனைத்தான் கேட்கிறது.

உங்கள் வீட்டில் யார் பதில் சொன்னார்கள்?