ரத்னக்காவின் கிவி

செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்ததால் போன் அடித்தது தெரியவில்லை. சூளகிரி தாண்டி எடுத்துப் பார்த்தால் முருகேசன் சாரிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"எவ்ளோ நேரமா அடிக்கிறேன், எங்கம்மா போன? ரத்னா மேடம் போயிட்டாங்க. விடியகாலைல நெஞ்சு வலின்னாங்களாம். காரு ஸ்டார்ட் ஆகலயாம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சு."

"ஸ்டார்ட் ஆகல" என்ற சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. ரத்னக்கா இருந்திருந்தால் அந்தச் சொல்லை ஏற்றிருக்க மாட்டார். "எஞ்சின் சுத்தவே இல்லயா, சுத்தியும் பிடிக்கலயா? அதச் சொல்லு மொதல்ல" என்றுதான் கேட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகரத்னம்மா என்கிற எங்கள் ரத்னக்கா, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தார். தகடுகளை அழுத்தி வெட்டும் பெரிய பிரஸ் இயந்திரங்களின் நடுவே அவருடைய மேசை. பிறந்தது கெலவரப்பள்ளி அணைப் பக்கம். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். நான் விருதுநகரிலிருந்து திருமணமாகி வந்து, அதே கம்பெனியின் கொள்முதல் பிரிவில் சேர்ந்தவள். எங்கள் எல்லோருக்கும் வீடு கிருஷ்ணகிரியில். ரத்னக்கா ஓட்ட, கணக்குப் பிரிவு முருகேசன் சார் முன்சீட்டில், நான் பின்சீட்டில் என்று அவருடைய வெள்ளைக் காரில் ஓசூர் போய் வந்தோம்.

அது பழைய பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டி. சில காலைகளில் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சாவியைப் பாதி திருப்பினால், பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓரிரு விநாடி 'உய்ங்' என்று முனகி அடங்கும். அந்த முனகல் வந்தால் பம்புக்குக் கரண்ட் போகிறது. கோளாறை வேறிடத்தில் தேடலாம். வராவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் பேட்டரிதான் தீரும். முனகலைக் கேட்டுச் சொல்வது பின்சீட்டுக்காரியின் வேலை.

"கேக்குதா?"

"கேக்குதுக்கா."

அதற்குப் பிறகுதான் முழுச் சாவி.

முதல் வாரத்திலேயே என்னைக் 'கிவி' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் பழத்தை நினைத்துக்கொண்டு, "ஏங்க்கா, அவ்வளவு புளிப்பாவா இருக்கேன்?" என்றேன். முருகேசன் சாருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. "அய்யோ, கன்னடத்துல கிவின்னா காதும்மா!"

"ஹௌது, ஆமா, இவதான் நம்ம வண்டிக்குக் காது" என்றார் ரத்னக்கா.

ஒருமுறை சூளகிரியில் டீ குடித்துவிட்டு ஏறியபோது முனகல் வரவில்லை. நான் சொன்னதும் பானெட்டைத் திறந்து, ஃபியூஸ் பெட்டியிலிருந்து பம்புக்குக் கரண்ட் விடும், தீப்பெட்டியைவிடச் சிறிய கருப்பு ரிலேயைப் பிடுங்கிப் போட்டார். பக்கத்தில் ஹாரனுக்கான ரிலே. அதே அளவு, அதே கால்கள். அதை எடுத்துப் பம்பின் இடத்தில் செருகினார். வண்டி பிடித்துக்கொண்டது. ஹாரன் போய்விட்டது.

"ஹாரன் இல்லாம ஓசூர் பஸ் ஸ்டாண்ட எப்படிங் மேடம் தாண்டறது?"

"கண்ணாடிய எறக்கிட்டு நீங்க கத்துங்க முருகேசன். அந்த வாய் வேற எதுக்கு இருக்குது?"

அவர் உண்மையாகவே தலையை நீட்டிக் கத்தினார். நாங்கள் மூவரும் அவ்வளவு சிரித்த நாள் வேறில்லை.

ஆனால் ரத்னக்கா ஒருமுறை கேட்டு நிறுத்த மாட்டார். "கேக்குதா?" என்பார், நான் சொன்ன பிறகு, "ஏனு? என்ன? கேக்குதா இல்லயா?" என்பார். என்னை நம்பவில்லை என்று எனக்கு எரிச்சல் வரும். பல நாள் போனைப் பார்த்துக்கொண்டே, கவனிக்காமல், "கேக்குது, கேக்குது" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு காலையில் அவர் விடாமல் கேட்டபோது, "எத்தனை தடவதான் சொல்றது? உங்களுக்குக் காது கேக்காதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்குத்தானே கிவி, நீ இருக்கே."

கொஞ்ச நாளில் நான் கம்பெனி பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். இடுப்பு வலி என்று காரணம் சொன்னேன். "சரி, பஸ்ஸுல நல்லாத் தூங்கு" என்றார். பிறகு முருகேசன் சார் ஓய்வு பெற்றார். ரத்னக்கா தனியாகவே வந்து போனார். கேன்டீனில் பார்த்தால் "என்ன கிவி" என்பார். நான் கையை ஆட்டிவிட்டுப் போவேன்.

அன்று கிருஷ்ணகிரி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அமரர் ஊர்தி உள்ளே வர முடியாமல் கார் வாசலை அடைத்து நின்றது. உறவினர்கள் மாறி மாறிச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். "பேட்டரி போச்சு" என்றார் ஒருவர். "இல்ல, சுத்துது. பிடிக்கலதான். நிறுத்துங்க" என்றேன்.

ரத்னக்காவின் மகள் சுமா வெளியே வந்தாள். பெங்களூரில் வேலை பார்ப்பவள். முந்தின நாள்தான் லீவுக்கு வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாவ பின்சீட்டுல சாய வச்சுட்டு சாவி போட்டேன் ஆன்ட்டி. ரெண்டு கையாலயும் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு கேக்குதா கேக்குதான்னாங்க. அவங்களுக்குத்தான் காது கேக்காதே, அதான் அவங்க பேசறது எனக்குக் கேக்குதான்னு கேக்கறாங்கன்னு நெனச்சேன். கேக்குதும்மான்னு கத்தினேன். சுத்துன்னு கையக் காட்டினாங்க. சுத்திக்கிட்டே இருந்தேன்."

"அக்காவுக்குக் காது கேக்காதா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "பிரஸ் ஷாப்புல போனதுதானே. சின்ன சத்தம் எதுவும் கேக்காது, ரொம்ப வருஷமா. தெரிஞ்சா வேலைய மாத்திருவாங்கன்னு யாருக்கும் சொல்லல. எங்க கிவிக்கு மட்டும் தெரியும்னு சொல்லுவாங்களே."

எனக்குத் தெரியும் என்று நம்பியிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் அப்படிக் கத்தினேன் என்றும் நம்பியிருப்பார். அப்படி நம்பித்தான் சிரித்திருக்கிறார்.

அம்மா எதைக் கேட்டார் என்பதை நான் சுமாவிடம் மறைத்திருக்கலாம். ஆனால் இனி ஒருமுறை கேளாததுபோல் இருக்க என்னால் ஆகவில்லை. பம்பைப் பற்றிச் சொன்னேன். அவள் திரும்பிக் காரின் பின்சீட்டைப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்லியிருந்தா அம்மாவே வழி சொல்லியிருப்பாங்க. நான் பொய் சொல்லிட்டேன், ஆன்ட்டி."

"நீ உன் காதுல விழுந்ததுக்குப் பதில் சொன்ன. கேக்காமலே கேக்குதுன்னு எத்தனையோ நாள் சொன்னது நான்தான்."

வண்டி கிளம்பியிருந்தாலும் வழியிலேயே முடிந்திருக்கும், மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று, எனக்கு முன்பே அங்கு வந்திருந்த முருகேசன் சார் எங்கள் இருவரிடமும் சொன்னார். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

பானெட்டைத் திறந்து, ஹாரன் ரிலேயைப் பிடுங்கிப் பம்பின் இடத்தில் செருகினேன். சுமா ஓட்டும் இடத்தில் அமர்ந்தாள். நான் பின்சீட்டில், என் பழைய இடத்தில். சீட்டு உறையில் ஓரிடம் மட்டும் நிறம் வெளுத்து வழவழத்திருந்தது. யாரும் உட்காரும் இடமல்ல அது; முன்னாலிருந்து கையை நீட்டினால் எட்டும் விளிம்பு. நான் இறங்கிப்போன பிறகு, ஒரு கையால் சாவியைத் திருப்பிக்கொண்டு, மறு கையின் உள்ளங்கையால் அவர் பம்பைக் கேட்டிருக்கிறார்.

அந்த இடத்தில் என் கையை வைத்தேன். சாவி திரும்பியது. கைக்கடியில் மெல்லிய அதிர்வு. கூடவே அந்த முனகல்.

"கேக்குதா ஆன்ட்டி?"

"கேக்குது."

சுமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சாவியை அணைத்து மறுபடி திருப்பினாள். "நெஜமாவே கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன், கூடத்தில் கிடத்தியிருந்தவருக்கும் எட்டும்படி.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஹாரன் இல்லாத அந்த வெள்ளைக் கார் சத்தமில்லாமல் வாசலை விட்டு விலகி, ரத்னக்காவுக்கு வழிவிட்டது.

எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்கக்கா.