பழைய ரேஸ் காரும் என் உள்ளங்கையும்

எஞ்சின் ஆயில் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட எந்த ஆயில் நல்லது என்று தெரிந்துகொள்ள வருவதில்லை. வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, அதை நம் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். மருந்துக் கடையோ ஜவுளிக் கடையோ, எங்காவது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இடம் இருக்கிறது.

கோயமுத்தூர் கணபதியில் என் மாமாவுக்கு ஆயில் கடை. நான் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். வெளிநாட்டு டின்கள் வர ஆரம்பித்த சமயம். அதில் இருக்கும் இங்கிலீஷைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று மாமா என்னைச் சாயங்காலங்களில் கடைக்குக் கூப்பிட்டார். படித்ததைப் பற்றி அபிப்பிராயமும் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

லாரிக்காரர்களோடும் பம்ப்செட்காரர்களோடும் எனக்குச் சண்டை வந்ததில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது. வம்பெல்லாம் பழைய ரேஸ் கார் வைத்திருப்பவர்களோடுதான். எங்கள் ஊரில் மில் வைத்த குடும்பம் என்றால் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி ஒரு ரேஸ் கார் நிற்கும். அப்பா ஓட்டியதாக இருக்கும், இல்லையென்றால் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போனதாக இருக்கும். வருஷத்தில் ஒருநாள் அதற்கு உயிர் வரும். அந்த ஒருநாளைக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று மிச்ச நாளெல்லாம் பேசுவார்கள்.

கட்டைவிரல் பரிசோதனை

ஈரோட்டிலிருந்து மஞ்சள் வியாபாரி ஒருவர் வருவார். மாமா அவரை 'மஞ்சக்காரர்' என்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ரெண்டு பேர் உட்காரும் பழைய சிவப்பு ரேஸ் கார். டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் பார்க்கவே மாட்டார். ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார். மஞ்சளைத் தரம் பார்க்கும் அதே முகம். அப்படித் தேய்த்துத் தேய்த்து, கடையிலேயே கெட்டியானதைத் தேர்ந்தெடுத்தார். அது கியர்பாக்ஸ் ஆயில்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்ததில்லையே! "அண்ணா, உங்க விரல் சூட்டுல கெட்டியா இருந்து என்னங்க பிரயோஜனம்? எஞ்சின் கொதிக்கறப்ப எப்படி இருக்குதுன்னுதானுங்க பாக்கோணும். காலைல ஸ்டார்ட் பண்ணுனா இது மேல ஏறறதுக்குள்ள உள்ள இரும்பும் இரும்பும் உரசிப்போடுமுங்க" என்று ஆரம்பித்து, மாமாவின் டீ அடுப்பில் ரெண்டு கரண்டி ஆயிலைக் காய்ச்சிக் காட்டும்வரை போய்விட்டேன். கடைசியில் அவர் நான் சொன்ன ஃபிஃப்டி கிரேடு எஞ்சின் ஆயிலை வாங்கிக்கொண்டார். என் வாதத்தால் அல்ல. கியர்பாக்ஸ் ஆயில் தீர்ந்துவிட்டது என்று மாமா கூசாமல் ஒரு பொய் சொன்னதால். வேட்டியில் கறை படும் என்று மஞ்சக்காரர் ஊற்றும் வேலையையும் என்னிடமே விட்டுவிட்டு, காதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"உங்களைக் கட்டிக்கப் போற மாப்பிள்ளை காதுக்கு எந்த கிரேடு ஆகும்னு இப்பவே பார்த்து வெச்சுப்போடுங்க அம்மணி."

ஓடாத வண்டியின் வெற்றி

ரெண்டு வாரம் கழித்து மஞ்சக்காரர் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் பல். ஆஹா, ஒரு மனிதராவது உண்மையை உணர்ந்தாரே என்று பையை வாங்கிக்கொண்டேன். "வண்டி எப்படிங்ணா ஓடுது?" என்றேன்.

"வண்டியா? அதை எங்கீங்க எடுத்தேன்? அன்னிக்கு ஊட்டுக்குப் போயி ஷெட்ல உட்டது, அப்படியே நிக்குது" என்றார். விஷயம் வேறு. நான் ஆயில் ஊற்றிய அன்றைக்குச் சாயங்காலமே ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சள் விலை ஏறிவிட்டதாம். ஏலத்தில் விலை ஏறுவதற்கும் என் கைக்கும் நடுவில் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வரத்து, மழை, ஏற்றுமதி என்று எனக்குத் தெரிந்த பொருளாதாரம் முழுவதையும் எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் ஸ்கூட்டரைக் காட்டினார்:

"அதெல்லாம் இருக்கட்டுங்க அம்மணி, இதுக்கும் உங்க கையால கொஞ்சம் ஊத்திப்போடுங்க."

மூன்று கட்சி, ஒரே எஞ்சின்

சூலூர் மில் முதலாளியின் வண்டி விவகாரம் எங்கள் கடைக்கு வந்தது இதற்குப் பிறகுதான். அவருடைய அப்பா ஓட்டிய ஒற்றை சீட் ரேஸ் கார். ஊருக்கு வெளியே இருக்கும் பழைய விமான ஓடுதளத்தில் பழங்காலக் கார்களை ஓட்டிக் காட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினைப் பிரித்து மறுபடி பூட்டியிருந்தார்கள். உள்ளே போட்டிருக்கும் பேரிங்தான் கடைசி. அது போனால் உலகத்தில் எங்கே தேடினாலும் வேறு கிடையாது. வண்டி அப்புறம் பொம்மைதான்.

முதலாளிக்கும் அவருடைய மெக்கானிக் ரஹீம் பாய்க்கும் விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அந்தக் காலத்தில் ரேஸ் வண்டிகளுக்கு அதுதான் ஊற்றினார்கள் என்பதும், அந்தப் புகைக்குத் தனி வாசம் என்பதும் வாஸ்தவம். முதலாளியின் மகன் கார்த்திக்கு சிங்கப்பூரிலிருந்து தான் சுமந்து வந்த சிந்தெடிக் ஆயில்தான் வேண்டும். அந்தத் தண்ணீர் மாதிரியான ஆயிலை ஊற்றினால், பழைய காலத்தில் கசிவை அடைக்கப் போட்ட கயிற்று சீல் வழியாக வெளியே வந்து தரையில் கோலம் போடும் என்றேன். விளக்கெண்ணெய், ஷெட்டில் நின்றால் உள்ளேயே பிசினாகிவிடும் என்றேன். துத்தநாகம் சேர்த்த சாதாரண மினரல் ஆயில், ஃபிஃப்டி கிரேடு, அவ்வளவுதான் என்றேன். ரெண்டு கட்சிக்காரர்களும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து என்னை முறைத்தார்கள்.

அவர்கள் போனதும் மாமா கதவைச் சாத்தினார். கடையில் இனி நான் வாயைத் திறக்கலாமா கூடாதா என்பதற்கு ஒரு பந்தயம் வைத்தார்:

"அந்த வண்டி நீ சொன்ன ஆயில்ல ஓடித் திரும்பி வந்துச்சுன்னா, இனி இந்தக் கடைல உன்ற பேச்சுதான் கண்ணு, படுத்துப்போச்சுன்னா, டின்னைத் தொடைக்கறதோட நிறுத்திக்கோணும்."

டம்ளரில் நடந்த விசாரணை

அடுத்த நாள் ரஹீம் பாய் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெயைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். கோட்டைமேட்டுக்காரர். குரல் எப்போதும் எஞ்சின் சத்தத்துக்கு மேலேதான் இருக்கும். "வாசம் பாரு பாப்பா" என்றார். பார்த்தேன். "வண்டிக் குழாய்ல பழைய மினரல் ஆயில் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்குதுங்களா, பாய்?" என்றேன். எஞ்சினைத்தான் பிரித்தார்களே தவிர, குழாய்களைக் கழற்றவில்லை. இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்.

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதில் பாதி மினரல் ஆயில், பாதி அவருடைய விளக்கெண்ணெய் விட்டுக் கலக்கி வைத்தேன். டீ வந்தது, குடித்தோம். டம்ளருக்குள் ரெண்டும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் கோடு போட்டதுபோல நின்றன. இதைவிட ஒரு நிரூபணம் வேண்டுமா? பரீட்சையில் இதற்கு முழு மார்க் போடுவார்கள். ரஹீம் பாய் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரைக் கீழே வைத்தார்:

"டம்ளருக்கு ஆகலை, சரி பாப்பா, ஆனா இது ரேஸ் வண்டியாச்சே!"

எலுமிச்சம்பழம் வைத்த பிறகு

எங்கள் பக்கத்தில் பிரித்துப் பூட்டிய எஞ்சினைச் சும்மா ஸ்டார்ட் செய்துவிட மாட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், தேங்காயில் சூடம், அப்புறம் கைராசிக்காரர் யாராவது முதல் ஆயிலை ஊற்ற வேண்டும். சூலூரிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டபோது, நியாயம் ஜெயித்தது என்றே நம்பி, எங்கள் ஃபிஃப்டி கிரேடு டின்னை எடுத்துக்கொண்டு மாமாவோடு காரில் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் ரஹீம் பாய் கையில் அதே தூக்குப்போசி. என்னை அழைத்தவர் முதலாளியே இல்லை, முதலாளியம்மா! மஞ்சள் விலைக் கதை ஈரோட்டிலிருந்து கல்யாண வீடு கல்யாண வீடாக ஏறி இறங்கி அவர் காதுக்கு வந்திருக்கிறது. என் மூளை வேண்டாமாம், கை மட்டும் போதுமாம். புனலை என் கையில் கொடுத்தார்கள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ராகுகாலம். அந்தக் கடைசி பேரிங்கை நானே என் கையால் கொல்லப் போகிறேன். பிசின், குழாய், டம்ளர் என்று மறுபடி ஆரம்பித்தேன். "ஊத்துங்க அம்மணி, நேரமாகுது" என்றார் முதலாளி.

அப்போது என் வாயிலிருந்து, பகுத்தறிவு மன்றத்துப் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய இதே வாயிலிருந்து, ஒரு வாக்கியம் வந்தது. "ஏனுங்கம்மா, என்ற கைக்கு விளக்கெண்ணெய் ஆகாதுங்க." மூன்று வாரம் நான் எடுத்து வைத்த எந்த ஆதாரத்துக்கும் கிடைக்காத மரியாதை அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைத்தது. முதலாளியம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தார்:

"காதுல உழுகலீங்களா, அம்மணி கைக்கு ஆகாதாமா, அந்தப் போசியை அக்கட்டால எடுத்து வெய்யுங்க!"

ஓடுதளம்

என் கையால் எங்கள் டின்னை ஊற்றிய வண்டியை, காட்சி நாளன்று முதலாளியே ஓட்டினார். தலையில் அப்பா காலத்துத் தோல் குல்லா. வண்டி ஓடுதளத்தின் கடைசிக்குப் போய்ப் புள்ளியானதும் சத்தம் நின்றுபோனது. காற்றுதான் சத்தத்தை எடுத்துக்கொண்டு போயிற்று என்று இப்போது எனக்குத் தெரியும்; அப்போது, பேரிங் போயிற்று என்றே நினைத்தேன். மாமா என்னைப் பார்க்காமல், துடைக்க வேண்டிய டின்களை மனதுக்குள் எண்ணுகிறவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். பிறகு அந்த உறுமல் மறுபடி கேட்டது, பெரிதாயிற்று, எங்களைத் தாண்டிப் போய் நின்றது. ரஹீம் பாய் ஓடிப்போய் அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தார். ஆயில் சுத்தம். பிரஷர் முள் கடைசிவரை இறங்கவில்லை என்றார் முதலாளி.

நான் முன்னே போய், "துத்தநாகம் என்னங்க பண்ணுதுன்னா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் முதலாளியம்மா என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கார்த்தி தன் பைக்கை நாளைக்குக் கொண்டுவரட்டுமா என்றான். மாமா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இப்போது கடையில் என் பேச்சுதான். கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சினுக்குக் கேட்கிறவரிடம் நான் கரண்டியைக் காய்ச்சுவதில்லை. "என்ற கைக்கு ஆகாதுங்க" என்கிறேன். உடனே சரியானதை வாங்கிப் போகிறார்கள். போன வாரம் இப்படி மூன்று பேரை அனுப்பியதை மூலையில் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த ரஹீம் பாய், முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம் பாப்பா, உன்ற கைக்கு ஆகாததெல்லாம் உன்ற புஸ்தகத்துலயும் ஆகாதுன்னுதான் போட்டிருக்குமோ?"

ஆக, சக பாவிகளே, நான் படித்த வேதியியலில் கோயமுத்தூர் இதுவரை ஏற்றுக்கொண்ட பகுதி முழுவதும் என் மணிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.