ஒரு நொடி முந்தி வந்த கிரகணம்

1. புள்ளியை எடுங்க

"அந்த ஒரு புள்ளிய மட்டும் எடுத்துடுங்கம்மா சுமதி. படம் பாக்க அழகா இருக்கும்."

எங்கள் டைரக்டர் இதைச் சொன்னபோது அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடியபடி நிற்கும் ஒருவரை வெட்டிவிடச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நான் வேலை பார்த்தது சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில். வீடு திருத்தணி. காலை மின்சார ரயிலில் போய் சாயந்திர ரயிலில் திரும்பும் வானியலாளர் நான். தொலைநோக்கி எங்கோ ஒரு மலைமேல் இருந்தது. அதை இயக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வருவது எண்கள் மட்டும். பணிக்காலத்தில் நான் வானத்தைப் பார்த்ததைவிட ரயில் காத்துக் கிடக்கும் மணவூர் சிக்னலைப் பார்த்ததுதான் அதிகம்.

எங்கள் திட்டம் ஒரு ஜோடி வெண்குள்ள நட்சத்திரங்களைப் பற்றியது. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம்தான் வெண்குள்ளன். உருவம் ஏறக்குறைய பூமி அளவு, எடை சூரியனோடு ஒப்பிடும் அளவு. எங்கள் ஜோடி ஒன்றையொன்று அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சுற்றி வந்துகொண்டிருந்தது. சுற்றச் சுற்ற, ஈர்ப்பலைகளாக ஆற்றல் வெளியே போகும். அதனால் இரண்டும் நெருங்கும், சுற்றும் நேரம் குறையும். எவ்வளவு குறைய வேண்டும் என்று கோட்பாடு சொல்லிவிட்டது. நிஜமாகவே அவ்வளவுதான் குறைகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

பார்க்கும் முறை எளிது. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். அந்தக் கிரகணத்தின் நடுநேரத்தைக் குறித்துக்கொள்வோம். சுற்றும் நேரம் மாறாமல் இருந்திருந்தால் அது எப்போது வந்திருக்கும் என்று கணக்குப் போடுவோம். பார்த்ததிலிருந்து கணக்கைக் கழிப்போம். இதற்கு 'ஓ மைனஸ் சி' என்று பெயர். ஜோடி இரவில் தெரியும் பருவம் வருஷத்துக்கு ஒன்று; அதற்கு ஒரு புள்ளி கிடைக்கும். கிரகணங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி வருவதால் புள்ளிகள் கீழ்நோக்கி வளைந்து இறங்கும். மொத்தத்தில் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் எனக்கு மாதச் சம்பளம்.

எல்லாப் புள்ளிகளும் கோட்பாட்டின் வளைகோட்டில் உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கியது. அந்தப் பருவத்தில் கிரகணம் எதிர்பார்த்ததைவிட ஒரு நொடி முந்தி வந்திருந்தது. அடுத்த பருவத்தில் மறுபடி ஒழுங்காகிவிட்டது.

"ஏன் எடுக்கறோம்னு ஒரு காரணம் சொல்லணுமே சார். மேகம் இருந்துதா, இல்ல. கேமரா கெட்டுச்சா, இல்ல."

"கோட்டுல உக்காரலயேம்மா. அது காரணம் இல்லயா?"

"கோட்டுல உக்காருதான்னு பாக்கத்தான சார் அளக்கறோம்?"

அவர் பெருமூச்சு விட்டார். மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, தெளிவான முடிவு இல்லாத திட்டங்களுக்குத் தொலைநோக்கி நேரம் வெட்டப்படும் என்றார். அதில் பாஸ்கரின் வேலையும் அடக்கம். பாஸ்கர் எங்கள் திட்டத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். அரக்கோணத்துக்காரர். தினமும் என் பெட்டியில்தான் ஏறுவார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

அன்று ரயிலில் அவரிடம் சொன்னேன்.

"எடுத்துட்டா இன்னா மேடம் ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. யாருக்கும் தெரியாது."

"அப்போ எடுக்க மாட்டீங்க," என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

எடுக்கவில்லை. கட்டுரையில் அந்தப் புள்ளியைப் போட்டு, விளக்கம் இல்லை என்று எழுதினேன். குழு வந்தது, படத்தைப் பார்த்தது, பிஸ்கட் சாப்பிட்டது, முடிவு தெளிவாக இல்லை என்று குறித்துக்கொண்டது. எங்கள் தொலைநோக்கி நேரம் பாதியானது. பாஸ்கருக்கு ஆடி முடியும் வரைதான் நீட்டிப்பு. நேர்மையின் பலன் எனக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2. மூணாவதா ஒண்ணு

கட்டுரை வெளியான சில வாரங்களில் வெளிநாட்டுக் குழு ஒன்று எங்களோடு பேச வேண்டும் என்றது. அவர்களும் அதே ஜோடியை வேறொரு தொலைநோக்கியில் அளந்துவந்தவர்கள். வீடியோவில் அவர்கள் தலைவி, நரைத்த முடியும் உற்சாகமான கைகளுமாகப் பேசினார்.

"உங்களுக்கு ஒரு புள்ளி இறங்கிய அதே பருவத்தில் எங்களுக்கும் இறங்கியது. அதே அளவு. பிழை என்று நாங்கள் தூக்கிப்போட்டுவிட்டோம். நீங்கள் தைரியமாகப் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் வெட்கத்தோடு குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. இரண்டு கண்டங்கள், இரண்டு தொலைநோக்கிகள், ஒரே நொடி. அப்படியானால் அது உண்மை. கிரகணம் ஒரு நொடி முந்தித் தெரிகிறது என்றால், அந்த ஜோடி மொத்தமும் நம் பக்கமாக மூன்று லட்சம் கிலோமீட்டர் நகர்ந்து வந்திருக்க வேண்டும். வெளிச்சம் ஒரு நொடியில் கடக்கும் அவ்வளவு தூரம் அதற்கு மிச்சம். ஜோடியை எது இழுத்தது? மூன்றாவதாக ஏதோ ஒன்று அருகில் வந்து போயிருக்கிறது. ஒரு கிரகமாகக்கூட இருக்கலாம்.

டைரக்டருக்குச் செய்தி போனதும் அவரே என் அறைக்கு நடந்து வந்தார். அதற்குமுன் அவர் அந்தப் பக்கம் வந்தது ஏசி ரிப்பேரானபோது.

"சுமதி, அந்தப் புள்ளிய நல்லா பெருசா போடுங்க. சிவப்புக் கலர்ல."

"நீங்க எடுக்கச் சொன்ன புள்ளியா சார்?"

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. பிரஸ் மீட் வெக்கலாம். கிருத்திகை லீவு முடிஞ்சதும் வந்துடுங்க. பாஸ்கர் கான்ட்ராக்ட கவலைப்பட வேணாம்."

ரயிலில் பாஸ்கர் பக்கோடா வாங்கி என் கையில் திணித்தார். ஊர் வரும்வரை அந்தக் கிரகத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டு வந்தோம்.

3. ஆடிக் கிருத்திகை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் வீட்டை விட்டு வெளியே போக முடியாது. தெருவெல்லாம் காவடி, பம்பை, அரோகரா. எங்கள் வீட்டில் கனகம்மாசத்திரத்திலிருந்து அக்காவும் பாவாவும் பிள்ளைகளோடு வந்து தங்கியிருந்தார்கள். அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். நான் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பிரஸ் மீட்டுக்குப் படம் வரைய வேண்டும்.

பாவா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சுமதி, நட்சத்திரம் பாக்கற வேலைன்னு நான் ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கேன். நீ பட்டப்பகல்ல பொட்டியப் பாத்துகினு கீற."

"அதுதான் பாவா வேலை."

"சரி, கிருத்திகை நட்சத்திரம் எத்தினி மணி வரைக்கும் இருக்குது? சொல்லு."

"தெரியல பாவா. காலண்டர்ல போட்டிருப்பான், பாருங்க."

"காலண்டர நானே பாப்பேனே. அப்புறம் கவர்ன்மென்ட்டு உன்னிய எதுக்கு வெச்சிருக்குது?"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, படத்தில் புள்ளி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை எழுதப் போனேன். ஒரு நொடி. எங்கள் அளவில் ஒன்று, பிழை எல்லைக்குள் சரியாக ஒன்று. அவர்கள் அளவிலும் சரியாக ஒன்று.

கை அப்படியே நின்றது. நொடி என்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட அளவு. எங்கோ கிடக்கும் ஒரு கிரகம் நம் நொடிக்கு முழுசாக ஒன்று என்று பார்த்து இழுக்காது. இழுத்தால் முக்கால், ஒன்றேகால் என்று ஏதாவது வரும்.

முழுசாக ஒரு நொடியைச் சேர்ப்பவர்கள் நாம்தான். பூமியின் சுழற்சி ஒரே சீராக இல்லாததால் எப்போதாவது உலகக் கடிகாரங்களில் ஒரு நொடி கூட்டுவார்கள். அதற்கு லீப் செகண்ட் என்று பெயர். எங்கள் நேரங்களைத் திருத்தும் மென்பொருளில் இந்த நொடிகளுக்கென ஒரு அட்டவணை உண்டு. பம்பைச் சத்தத்துக்கு நடுவே மூல நேரங்களை எடுத்து, அந்த மென்பொருளைத் தொடாமல் நானே மாற்றிப் பார்த்தேன். புள்ளி ஏறிப்போய் வளைகோட்டில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பருவம் தொடங்குவதற்குச் சற்றுமுன் ஒரு நொடி கூட்டியிருக்கிறார்கள். அட்டவணைக்கு அது வந்துசேர்ந்தது பருவம் முடிந்த பிறகு. அதுவரை எங்கள் நேரமெல்லாம் ஒரு நொடி குறைவு.

பாஸ்கருக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு குழுவும் ஒரே தப்ப எப்பிடி மேடம் பண்ணும்?"

"ரெண்டு பேரும் ஒரே மென்பொருள இறக்கிகினு இருக்கோம்."

பாஸ்கர் மெதுவாகக் கேட்டார். "பிரஸ் மீட்டு முடிஞ்சப்புறம் சொன்னா ஆவாதா மேடம்? என் கான்ட்ராக்ட்ல கையெழுத்து ஆயிடும்."

சமையலறையில் அக்கா இலை போட்டுக்கொண்டிருந்தாள். என் வேலை நிரந்தரம். எதைச் சொன்னாலும் எனக்குச் சம்பளம் வரும். அவருக்கு அப்படி இல்லை. அவரோ நானோ மறந்துபோகக்கூடிய வித்தியாசம் இல்லை அது.

"உன் பேரும் என் பேரும் போட்டு அந்த வெளிநாட்டம்மாவுக்கு இன்னிக்கே எழுதறேன், பாஸ்கர். உன் பேர் முதல்ல. வேணாம்னா சொல்லு."

"ஆங், போடுங்க" என்றார். குரலில் மகிழ்ச்சி கொஞ்சமும் இல்லை.

4. எல்லாம் சரியாக இருந்தது

டைரக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். ஆத்திரப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இதத்தாம்மா நான் அன்னிக்கே எடுக்கச் சொன்னேன்" என்றார்.

அடுத்த மதிப்பீட்டுக் குழுவிடமும், அந்தப் புள்ளியை முதலில் சந்தேகித்தது தான்தான் என்றார். அது பொய்யும் இல்லை. குழு அவருடைய கூர்மையைப் பாராட்டி எங்கள் தொலைநோக்கி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் பாஸ்கரின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. சில மாதங்கள் அவர் அரக்கோணத்தில் டியூஷன் எடுத்தார். ரயிலில் அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து வந்தார்கள். எனக்குப் பேச மனம் வரவில்லை. பிறகு அந்த வெளிநாட்டுத் தலைவி, கண்டுபிடிப்பைக் கெடுத்த கடிதத்தில் முதலில் பெயர் இருந்தவர் எங்கே என்று கேட்டார். பாஸ்கர் இப்போது அங்கே அவர்களுடைய நேரத் திருத்தங்களைச் சரிபார்க்கிறார். என்னைவிட அதிகச் சம்பளம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோட்டில் உட்காராத புள்ளியை எடுத்துவிடாதீர்கள். அதற்கு மாலையும் போடாதீர்கள். ஏன் என்று தெரியும்வரை அதைச் சும்மா வைத்துக்கொண்டிருங்கள். அதற்குள் உங்களுக்கும் கூட இருப்பவர்களுக்கும் ஏதாவது நஷ்டம் வரலாம். வராது என்று நான் சொல்ல மாட்டேன்.

பிரஸ் மீட்டை ரத்து செய்த தகவல் ஒரு நிருபருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. குறித்த நாளில் கேமராவோடு வந்துவிட்டார். பாவமாக இருந்தது. கேன்டீனுக்குக் கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுத்தேன்.

"கடைசியா இன்னாதான் மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"அந்த நட்சத்திரம் ரெண்டும் கணக்குல சொன்னபடியே நெருங்கிகினு இருக்குதுங்க. எல்லாம் சரியா இருக்குது."

அவர் பேனாவை மூடினார்.

"எல்லாம் சரியா இருக்குதுன்னா அது நியூஸ் இல்லீங்களே மேடம்."

"ஆங்," என்றேன். "அதக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இத்தினி வருஷம் ஆச்சு."